ஒரே தொட்டியில் நத்தையும் நியூட்டும்
ஆசைப்படுவோர் அறிய வேண்டியவை

மும்பையில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துபவர்கள்கூட, அலமாரி மேல் ஒரு சிறு மீன் தொட்டி வைத்திருப்பது உண்டு. நாய் வளர்க்க இடம் இல்லை. பூனை வளர்த்தால் பக்கத்துக் குடித்தனக்காரர் சண்டைக்கு வருவார். கண்ணாடித் தொட்டிக்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

தங்க மீன், கப்பி மீன் என்று தொடங்குபவர்கள் சிறிது காலத்தில், "வேறு என்ன வளர்க்கலாம்?" என்று யோசிக்கிறார்கள். அப்போது சிலரது கவனம் "நியூட்" என்னும் பிராணியின் மேல் செல்கிறது. தொட்டியைச் சுத்தமாக வைக்க அதனுடன் நாலு நத்தையையும் விடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது எந்த அளவுக்குச் சரி?

தவளைக்கு உறவு

நியூட் பார்ப்பதற்குப் பல்லி போல இருக்கும். ஆனால் பல்லி இனம் அல்ல. உடம்பில் செதில் கிடையாது. தவளை, தேரைக்கு உறவு. தவளை வளர்ந்ததும் வால் மறைந்துவிடும். நியூட்டுக்கோ ஆயுள் முழுவதும் வால் உண்டு.

வீடுகளில் வளர்க்கப்படுபவற்றில் ஜப்பான் நாட்டு நியூட் பெயர் பெற்றது. முதுகு கறுப்பு, வயிறு நெருப்புச் சிவப்பு. நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். நன்றாகக் கவனித்தால் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

அந்தச் சிவப்பு நிறம் ஓர் எச்சரிக்கை. பேத்தை மீனில் உள்ள அதே கொடிய விஷம் இதன் உடம்பிலும் இருக்கிறது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

நத்தை செய்யும் வேலை

கண்ணாடியில் பாசி படியும். நியூட் தின்னாமல் விட்ட புழுத் துண்டுகள் அடியில் கிடந்து அழுகும். இரண்டையும் நத்தை மேய்ந்துவிடும். இது உண்மைதான்.

ஆனால் தின்றது எங்கே போகும்? கழிவாகி அதே தண்ணீரில்தான் சேரும். நத்தை விட்டாயிற்று என்று தண்ணீர் மாற்றாமல் இருக்க முடியாது. ஒரு நத்தை செத்து அழுகினால் தொட்டி முழுவதும் கெட்டுவிடும். செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

யார் யாருக்கு இரை?

நியூட் புழு, பூச்சி தின்னும் பிராணி. ஓடு முற்றாத குட்டி நத்தைகளையும் நத்தை முட்டைகளையும் விழுங்கிவிடும். இதனால் நத்தைகள் பெருகுவது ஓரளவு கட்டுப்படும். சிறு குளத்து நத்தைகளில் ஆண், பெண் என்ற பேதம் இல்லாத இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்று வந்தாலும் சில வாரங்களில் கூட்டமாகிவிடும்.

கடினமான ஓடுள்ள நத்தை, நியூட்டின் வாய்க்குள் நுழையும் அளவில் இருந்தால் ஆபத்து. தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். விழுங்க முடியாத பெரிய நத்தை என்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் பெரிய நத்தை செடிகளை மேயும். நியூட் தன் முட்டைகளை இலைகளில்தான் ஒட்டி வைக்கிறது. இலையோடு முட்டையும் போய்விடும்.

வயலிலும் குட்டையிலும் பிடித்த நத்தையைத் தொட்டியில் விடவே கூடாது. பல ஒட்டுண்ணிப் புழுக்கள் நத்தையின் உடம்பில்தான் வளர்கின்றன. மீன் நோய்க்குப் போடும் மயில்துத்தம் கலந்த மருந்தும் வேண்டாம். அது நத்தையைக் கொன்றுவிடும், நியூட்டுக்கும் கேடு.

வெயில்தான் பெரிய விரோதி

இவை எல்லாவற்றையும் சமாளித்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜப்பான் நியூட்டுக்கு 15 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்த நீர் வேண்டும். மும்பையில் மே மாதம் அறை வெப்பமே 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஐஸ் கட்டி போட்டால் சிறிது நேரம் குளிரும். பிறகு பழைய கதைதான். தண்ணீரைக் குளிர்விக்கத் தனி யந்திரம் இல்லாமல் இங்கே நியூட் வளர்ப்பது அதை மெல்லக் கொல்வதாகும்.

சாக்கடையில் கொட்டாதீர்

சலித்துப் போனவர்கள் நத்தையைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். இது சின்னத் தவறு அல்ல. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை 1980-ஐ ஒட்டி, உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பியும் பரப்பப்பட்டும் தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களில் நாற்றைத் தின்று அழிக்கும் பீடையாகிவிட்டது. நாற்று நட்டு வளர்ந்த குடும்பத்தவருக்கு இதன் வலி புரியும்.

நியூட் விஷயமும் அப்படியே. ஐரோப்பாவில் நியூட் இனங்களை அழிக்கும் ஒரு காளான் நோய் 2013-ல் கண்டறியப்பட்டது. பிராணி வியாபாரத்தின் மூலம் ஆசியாவிலிருந்து அது சென்றிருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து. அமெரிக்கா 2016-ல் இந்த வகையில் 201 இனங்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

நம் நாட்டு நியூட்

இந்தியாவிலும் நியூட் உண்டு. டார்ஜிலிங் மலையில் வாழும் இமாலய நியூட் அது. மழைக்காலத்தில் மலைக் குட்டைகளுக்கு வந்து முட்டையிடும். சுகியாபோக்ரி அருகே ஜோர்போக்ரியில் இதற்காக 1985-ல் ஒரு சிறு சரணாலயம் அமைக்கப்பட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். யாராவது "மலைப் பல்லி" என்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மும்பை அறைக்குக் கப்பி மீனும், கடையில் வாங்கிய இரண்டு நத்தையும் போதும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். நத்தை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கழுவிய முட்டை ஓடு ஒரு துண்டு போட்டால் போதும். செலவு அதிகம் இல்லை. குழந்தைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நியூட்டைப் பார்க்க ஆசை இருந்தால், மழைக்காலத்தில் டார்ஜிலிங் பக்கம் போகும்போது குட்டை ஓரம் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு, அதை அங்கேயே விட்டு வாருங்கள்.