தமிழ்த் தாத்தா கட்டிவைத்த கடிதங்கள்

வியாபாரிக்குச் சிட்டா, பேரேடு என்று இரண்டு புத்தகம் உண்டு. முடிந்த கணக்கைப் பேரேடு காட்டும். அது எப்படி முடிந்தது என்பதைச் சிட்டாவில்தான் பார்க்க முடியும். தமிழ் நூல்களுக்கும் இதுவே பொருந்தும். அச்சான புத்தகம் பேரேடு; அதற்காக எழுதிய கடிதங்கள் சிட்டா எனலாம்.

டாக்டர் உ.வே.சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தார். இது நாம் அறிந்ததே. தமக்கு வந்த கடிதங்களையும் அவர் தூர எறியாமல் கட்டிவைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1943-இல் அவர் பெயரால் சென்னையில் ஏற்பட்ட நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளோடு 3000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அங்கே காக்கப்படுகின்றன. 1877 முதல் 1900 வரையிலான சுமார் 700 கடிதங்கள், பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பில், 'கடிதக் கருவூலம்' முதல் தொகுதியாக 2018-இல் வெளிவந்தன.

எழுதியவர்கள் யார்? யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை எழுதினார். பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சிந்தாமணி எங்கள் சமணர் காவியம். சைவ மரபில் படித்த ஐயருக்குச் சமணக் கொள்கைகள் பிடிபடாதபோது, கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலானோர் விளக்கிச் சொன்னார்கள். அது வாய்ப்பேச்சு. ஐயர் தம் சுயசரிதத்தில் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தது. அந்தச் சரிதமும் 1900-ஐ ஒட்டி நின்றுவிட்டது. பிறகு அவர் வாழ்ந்த நாற்பது வருஷத்துக்கு அந்தக் கடிதங்களே பெரிய சாட்சி.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் நம் பாட்டன்மார் தமிழில் எழுதிய கடிதங்கள் பெட்டியடியில் கிடக்கின்றன. 1956-இல் எல்லை பிரிந்தது. பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய ணா, றா, னா, லை வடிவங்கள் தடுமாற்றம் தரும். வாசிக்கத் தெரியாத காகிதம் கடைசியில் எடைக்குத்தான் போகும்.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. கிழிந்த இடத்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டாதீர்கள், லாமினேஷனும் வேண்டாம். இரண்டும் பின்னாளில் காகிதத்தைக் கெடுக்கும். ஈரமில்லாத இடத்தில், மடிப்பை விரித்து, உறையோடு வையுங்கள். உறையில்தான் தபால் முத்திரையும் தேதியும் இருக்கும். எழுதியவர் யார், யாருக்கு என்ன உறவு என்பதைத் தனித்தாளில் பென்சிலால் குறியுங்கள். பெரியவர் வாசிக்க, பிள்ளை எழுதட்டும். அதுவே ஒரு தமிழ்ப் பாடமாகும்.

நமக்குப் பக்கத்துச் சிதறால் மலையில் சமணர் காலத்து வட்டெழுத்து ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது. அது கல். காகிதத்துக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. வாசித்துச் சொல்லும் பெரியவர்களுக்கோ அதைவிடக் குறைவு. அவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.