கிறித்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பொதுக் கல்வி

பொதுக் கல்வி என்பது, முதன்மைப் பாடம் எதுவாக இருந்தாலும், இளநிலை மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய பாடங்களின் தொகுப்பு ஆகும். அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் ஒரு தொழிலுக்கு மட்டும் பயிற்சி தராமல் இலக்கியம், வரலாறு, மெய்யியல், அறிவியல், கலை எனப் பரந்த படிப்பைத் தருபவை. அவற்றுள் கிறித்தவச் சார்புடைய கல்லூரிகளில் பொதுக் கல்விக்குத் தனி இடம் உண்டு.

வரலாறு

1636இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு உள்ளிட்ட பழைய கல்லூரிகளில் எல்லா மாணவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டமே இருந்தது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், விருப்பப் பாட முறையை விரிவாக்கினார். மாணவர்களுக்குத் தெரிவுரிமை கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து படிக்கும் பாடங்கள் குறைந்தன. அந்தப் பொது அடித்தளத்தை மீண்டும் அமைக்கும் முயற்சியாக 20ஆம் நூற்றாண்டில் பொதுக் கல்வித் திட்டங்கள் வளர்ந்தன.

பங்கு

இலினொய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஹோம்ஸ், 1975இல் கிறித்தவக் கல்லூரியின் நோக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். வழிபாடும் ஒழுக்க விதிகளும் இருந்தால் மட்டும் போதாது, நம்பிக்கையும் கற்றலும் ஒன்றிணைய வேண்டும் என்பது அவரது கருத்து.

இந்த இணைப்பு எல்லா மாணவர்களையும் சென்றடையும் வகுப்பறை பொதுக் கல்வியே. பரிணாமம் படிக்கும்போது ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க வரலாற்றில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் விவிலியத்தையே சான்றாகக் காட்டினர். இதைப் படிக்கும் மாணவர், நம்பிக்கை தவறாகவும் பயன்படக்கூடும் என்பதை அறிகிறார். கணக்கியல் மாணவருக்கும் செவிலியர் மாணவருக்கும் இக்கேள்விகள் பொதுவானவை.

சிக்கல்கள்

அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்கள் தேவை. செவிலியம், பொறியியல் போன்ற படிப்புகள் அவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. கட்டணச் சுமையால் விரைவில் பட்டம் பெற விரும்பும் மாணவர்கள் பலர், பொதுப் பாடங்களைக் கடந்தாக வேண்டிய தடையாகவே பார்க்கின்றனர். பொதுப் பாடங்களைக் குறைக்கும் கல்லூரி, விவிலியப் பாடத்தை மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது நம்பிக்கை ஒரு தனிப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. மற்றத் துறைகளோடு அது உரையாடும் இடம் இல்லாமல் போகிறது. பொதுக் கல்வியைக் குறைப்பது கல்லூரியின் அடையாளத்தையே தொடும் முடிவாக இருப்பது இதனால்தான்.