முத்துக்குளிப்பவரின் நெஞ்சுக்குள்ளே

தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் என்று பேச்செடுத்தால் எல்லோருடைய கண்ணும் சிப்பிக்குத்தான் போகும். எனக்கோ குளிப்பவரின் விலா எலும்புகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத்தான் ஆசை. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்குகிற அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே நடக்கிற வேலைகள் இருக்கின்றனவே, அம்மாடி! நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகளே, வாருங்கள். திரைக்குப் பின்னால் போவோம்.

இறங்குவதற்கு முன் மேடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறிக்கடையில் ஆட்டு இருதயம் இரண்டைக் கீறாமல், மேலே ஒட்டியிருக்கும் குழாய்களோடு முழுசாகக் கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்கும் நமக்கும் நான்கு அறைகள்தான். கையில் வைத்து அமுக்கினாலே வலது கீழறை எது, இடது கீழறை எது என்று தெரிந்துவிடும். வலது பக்கம் மெத்தென்று அமுங்கும். இடது பக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். அதன் சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலதுக்கு அடுத்த வீடான நுரையீரல் வரை தள்ளினால் போதும். இடதுக்கோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பொறுப்பு.

ஒன்றின் இடது கீழறையைக் கீறித் திறந்தால், மேலறையிலிருந்து அதற்குள் வரும் வாசலான மைட்ரல் வால்வின் இதழ்களில் இருந்து வெள்ளை வெள்ளையாக நரம்பு போன்ற இழைகள் இறங்கி, சுவரில் முளைத்த சிறு தசைகளில் முடிவதைப் பார்க்கலாம். காற்றில் புடைக்கும் பாயைக் கயிறு இழுத்துப் பிடிப்பது போல, அறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் இவைதான் பிடித்துக்கொள்கின்றன. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை: இன்னொரு இருதயத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டு, பெருந்தமனிக்குள் மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று பிறை வடிவ இதழ்களும் சட்டென்று உப்பி ஒன்றோடொன்று சேர்ந்து வாசலை அடைத்துவிடும்! அந்த இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் உண்டு. இதயத்துக்கே உணவு கொண்டுபோகும் கரோனரி தமனிகள் புறப்படும் இடம் அது. உடம்புக்கெல்லாம் பரிமாறுகிற இதயம் தன் பங்கைப் பெரும்பாலும் ஓய்வெடுக்கும் கணத்தில்தான் வாங்கிக்கொள்கிறது.

இனி ஓட்டம். உடம்பைச் சுற்றிவந்த இரத்தம் வலது மேலறை, டிரைகஸ்பிட் வால்வு, வலது கீழறை, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நான்கு சிரைகள் வழியாக இடது மேலறைக்கு வந்து, மைட்ரலைத் தாண்டி, இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் பாய்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-ல் எழுதியபோது தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-ல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார்.

சரி, கடலுக்குள் இறங்குவோம். தூத்துக்குடிக்கு எதிரே, முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான முத்துப்பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. 1961-க்குப் பிறகு அங்கே முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கவில்லை. சங்குகுளித்தல் இன்றும் உண்டு. உடம்பு தண்ணீருக்குள் போனதுமே கால்களில் தேங்கிய இரத்தம் மார்புக்கு ஏறுகிறது. மேலறைகள் விரிகின்றன. விரிந்த மேலறை என்ன செய்யும் தெரியுமா? ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'நீர் அதிகமாகிவிட்டது, வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். தண்ணீரில் நெடுநேரம் நிற்பவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பம்பு என்று நாம் படித்த இதயம் ஒரு சுரப்பியும்கூட!

முகம் நனைந்து மூச்சும் நின்றதும் முகத்தின் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி கொண்டுபோகிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக வலது மேலறையில் இருக்கும் எஸ்.ஏ. கணுவுக்கு ஓர் உத்தரவு: மெதுவாக அடி. துடிப்பின் தாளத்தைப் போடும் இந்தக் கணுவைக் கீத், ஃப்ளாக் இருவரும் 1907-ல் உலகுக்குச் சொன்னார்கள். நாடி இறங்குகிறது. கூடவே கைகால் தசைக்கும் தோலுக்கும் போகிற சிறு தமனிகள் இறுகுகின்றன. இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவைக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் மூழ்கும் அனிச்சைச் செயல் என்று பெயர். தண்ணீர் குளிராக இருந்தால் இது இன்னும் பலமாக நடக்கும். ஆனால் வெதுவெதுப்பான கடலிலும் நடக்கிறது என்பதுதான் நம்மூருக்குச் சங்கதி. உடலியல் ஆய்வாளர் பெர் ஷோலாண்டரும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவின் வடகோடிக் கடலில் மூச்சடக்கி மூழ்குபவர்களைச் சோதித்து, முத்துக்குளிப்பவர்களின் இரத்த ஓட்டத்தைப் பற்றியே 1962-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூழ்கியிருக்கும்போது இரத்தத்தில் அதிகம் தெரியாத லாக்டிக் அமிலம், மேலே வந்த பிறகு குபீரென்று ஏறியது. கீழே இருந்தவரை தசைகளுக்கு இரத்தம் ஏறக்குறைய நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இதை வகுப்பிலேயே பார்க்கலாம். பேசினில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். இதயக் கோளாறு இல்லாத ஒருவர் உட்கார்ந்தபடி மூச்சடக்கி முகத்தை அமிழ்த்தட்டும். பக்கத்தில் ஆசிரியர் நிற்க, இன்னொருவர் மணிக்கட்டில் நாடி பிடிக்கட்டும். பழக்கமில்லாதவருக்கே 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம். விரலுக்கடியில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீள்வதை உணர்கிறபோது உடம்பு சிலிர்க்கும்!

குழாய் வழியே அழுத்தக் காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிப்பவர்களின் கதை வேறு, கவலைக்குரியதும்கூட. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். சிரை வழியே வலது பக்கம் வரும் குமிழிகளைப் பெரும்பாலும் நுரையீரல் வடிகட்டிவிடும். ஆனால் கருவில் இருந்தபோது இரண்டு மேலறைகளுக்கும் நடுவே திறந்திருந்த சிறு வாசல், பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுசாக மூடியிருப்பதில்லை. அதன் வழியாகக் குமிழி இடது பக்கம் தாவிவிட்டால் நேரே மூளைக்கும் போகலாம். கடலிலிருந்து ஏறிவந்தவர் கைகால் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது என்று அவசரப் பிரிவுக்கு வந்தால், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று முதலிலேயே கேளுங்கள், ஆக்சிஜனைத் தாமதிக்காதீர்கள்.

அதே மூழ்கும் அனிச்சைச் செயல் குழந்தைகள் வார்டிலும் வேலை செய்கிறது! எஸ்.வி.டி. என்ற தாளக் கோளாறில் கைக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 220-க்கும் மேல் ஓடும். குழந்தையின் நிலை சீராக இருந்தால், டாக்டர் பக்கத்திலிருக்க, ஐஸ்கட்டியும் தண்ணீரும் நிரப்பிய பையை நெற்றியிலும் மூக்கின் மேல்பகுதியிலும் சில விநாடிகள் வைப்பார்கள். வேகஸ் நரம்பு விழித்துக்கொள்ளும். பல குழந்தைகளுக்கு அந்த வேக ஓட்டம் சட்டென்று நின்று இயல்பான தாளம் திரும்பிவிடும். பையை வைக்கும்போது மூக்குத் துவாரமும் வாயும் மூடிவிடக் கூடாது. கண்ணை அமுக்கவே கூடாது. தாளம் மாறுகிற கணம் காகிதத்தில் பதியும்படி, பை முகத்தில் படுவதற்கு முன்பே ஈ.சி.ஜி.யை ஓடவிட்டிருக்க வேண்டும்.