பூட்டுப் போட்டுப் பகிருங்கள்: வீட்டு நெட்வொர்க்கில் பைலும் பிரிண்டரும்

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கிய பிறகு, ஏற்கனவே டெஸ்க்டாப் இருந்த பல வீடுகளில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. திண்டுக்கல்லில் முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருக்கும் குடும்பங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடைக் கணக்கு டெஸ்க்டாப்பில். பிள்ளையின் பாடம் லேப்டாப்பில். பிரிண்டர் ஒன்றுதான். அதுவும் டெஸ்க்டாப்புடன் யு.எஸ்.பி. கேபிளில் இணைந்திருக்கும். ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவுடன் கடைக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டும்.

இந்த நடை தேவையில்லை. இரண்டும் ஒரே வை-பி ரவுட்டரில் இணைந்திருந்தாலே உங்களிடம் ஒரு நெட்வொர்க் தயார். இன்டர்நெட் இணைப்பு அறுந்து போனாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டுக்குள் பைல்கள் போய் வரும்.

ஆனால் பகிர்வது என்பது ஒரு கதவைத் திறப்பது. எந்தக் கதவு, யாருக்கு என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டு பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதல் வேலை: விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் உங்கள் வை-பி இணைப்பின் பிராபர்ட்டீஸ் செல்லவும். அங்கே பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என மாற்றவும். இதை வீட்டில் மட்டும் செய்திடவும். பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ வேண்டாம். பிறகு அதே பிரிவில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் என்று சென்று, பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்திடவும். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இதைச் செய்ய வேண்டும்.

சாவி தயாரித்தல்: அங்கேயே பாஸ்வேர்ட் புரொடக்டட் ஷேரிங் என்று ஒன்று இருக்கும். "இதை ஆப் செய்தால் சுலபம்" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதுதான் பூட்டு. அதற்குப் பதிலாக, டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் வழியாகச் சென்று, பாஸ்வேர்டுடன் ஒரு சாதாரண யூசர் அக்கவுண்ட் உருவாக்கவும். லேப்டாப் கேட்கும்போது இந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் தரவும். பலரும் தடுமாறுவது இங்கேதான்: விண்டோஸைத் திறக்க நாம் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்ட்தான் செல்லும்.

போல்டர்: பகிர்வதற்கென்றே ஒரு புதிய போல்டர் உருவாக்கவும். சி டிரைவ் முழுவதையும் ஒருபோதும் பகிராதீர்கள். போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், ஷேரிங், ஷேர் என்று சென்று, புதிய யூசரைச் சேர்க்கவும். ரீட் என்றால் பார்க்க மட்டும் முடியும். ரீட்/ரைட் என்றால் மாற்றவும் அழிக்கவும் முடியும். கணக்குப் பைல்களுக்கு ரீட் போதும். லேப்டாப்பில் பைல் எக்ஸ்புளோரர் திறந்து நெட்வொர்க் என்பதில் கிளிக் செய்தால் டெஸ்க்டாப்பின் பெயர் தெரியும். தெரியாவிட்டால் அட்ரஸ் பாரில் \\ அடையாளத்துடன் அந்தப் பெயரை டைப் செய்து என்டர் தட்டவும்.

பிரிண்டர்: டெஸ்க்டாப் செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் சென்று உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கவும். பிரிண்டர் பிராபர்ட்டீஸில் ஷேரிங் டேபில் டிக் அடையாளம் இடவும். லேப்டாப்பில் நெட்வொர்க் வழியே அந்தப் பிரிண்டரின் மீது ரைட் கிளிக் செய்து கனெக்ட் கொடுக்கவும். டிரைவர் நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கலாம்; பிரிண்ட் வசதியில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டதால் 2021ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் கொண்டு வந்த கட்டுப்பாடு இது. டெஸ்க்டாப் ஆப் ஆகியிருந்தால் பிரிண்ட் வராது என்பதையும் நினைவில் கொள்ளவும். பிரிண்டரிலேயே வை-பி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அதை நேராக ரவுட்டரில் இணைத்துவிடலாம்.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. அது பைல் பகிர எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை மட்டுமே அறியும். எஸ்.எம்.பி. என்பது கம்ப்யூட்டர்கள் பைல் பகிரும்போது பேசிக்கொள்ளும் மொழி. 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்ட வானாக்ரை, அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் பலர் அதை நிறுவவில்லை. எக்ஸ்பிக்காகப் புதிய கம்ப்யூட்டரில் அந்தப் பதிப்பை ஆன் செய்யாதீர்கள். அதற்குப் பென் டிரைவே மேல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

கடைக்கு வருபவர்கள் வை-பி கேட்டால் வீட்டு பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி உண்டு, அதைத் தரலாம். பகிர்ந்த போல்டர் காப்புப் பிரதி ஆகிவிடாது. ஆகவே வாரம் ஒருமுறை கணக்குப் பைல்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, டிஸ்கைக் கழற்றி வைத்திடவும்.