இணையவழிச் சொற்புதிர்களில் விடைப்பதிவுச் சிக்கல்கள்: தமிழ் எழுத்துமுறை நோக்கு

முன்னுரை

தாளில் எழுதப்பட்ட புதிர்விடையை ஆசிரியர் கண்ணால் படித்துத் திருத்துகிறார். இணையவழிப் புதிரில் திருத்துவது கணினி. அது எழுத்தின் வடிவை நோக்குவதில்லை. வடிவின் பின்னுள்ள குறியீடுகளின் வரிசையையே ஒப்பிடுகிறது. ஆகவே, சரியான விடை அளித்த மாணவர்க்கும் ‘தவறு’ என்னும் முடிவு கிடைக்கக்கூடும். திரையில் பிழை எதையும் காணாத மாணவர் தம் மொழியறிவையே ஐயுற நேரும். இச்சிக்கலை மூன்றாகப் பகுத்து, பெரும்பாலும் நெய்வேலி மாணவர்க்கு அறிமுகமான சொற்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

1. கட்ட எண்ணிக்கை

‘நெய்வேலி’ என்னும் சொல்லில் நெ, ய், வே, லி என நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அதுவே 8 குறியீடுகளாகப் பதிவாகிறது. குறியீடுகளை எண்ணும் மென்பொருள் எட்டுக் கட்டங்களை வரையும். புள்ளியும் கொம்பும் தனிக்கட்டங்களில் நிற்கும்.

ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. புள்ளியும் ஏனைய உயிர்க்குறிகளும் அதன்பின் தொடரும். புள்ளி நீங்கிய மெய் அகரத்தோடு ஒலிக்கும், பிற உயிரோடு உருவு திரியும் என்னும் தொல்காப்பிய நூன்மரபுக் கருத்தோடு இவ்வமைப்பு ஒத்துச் செல்கிறது. எனவே, புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னுள்ள எழுத்தோடு இணைத்து ஒரே கட்டமாகக் கொள்ளும் விதி 247 எழுத்துகளுக்கும் போதுமானது. ‘க்ஷ’ இவ்விதியால் இரு கட்டங்களாகும்; அதனை ஒன்றாகக் கொள்வதெனில் தனிவிதி வேண்டும்.

2. ஒரே வடிவம், வெவ்வேறு குறியீடு

‘கொதிகலன்’ அனல்மின் நிலையத்தோடு தொடர்புடைய சொல். இதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாகவும் பதியலாம். முன்னதில் சொல் 8 குறியீடுகளைப் பெறும், பின்னதில் 9. திரையில் வேறுபாடு இல்லை. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ‘ஔ’ என்னும் உயிரும் ஆகிய நான்கே ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் இத்தன்மை உடையவை. விடையையும் திறவுகோலையும் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒருங்குறி வகுத்த இயல்பாக்க முறைக்கு உட்படுத்தினால் இவ்வேறுபாடு நீங்கும்.

ஆனால், ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு ‘ஒளவையார்’ எனத் தட்டச்சிடும் வழக்கத்தை இயல்பாக்கம் திருத்தாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என மாற்றும் பொதுவிதியும் பொருந்தாது, ‘ஒளி’ சிதைந்துவிடும். அவ்வாறே, கொம்பையடுத்த ளகரத்தை ஔகாரக் குறியாக மாற்றினால் ‘வெள்ளம்’ கெடும். ஆகவே, இவ்வகைப் பதிவைச் சொல்தோறும் மாற்றுவிடையாகச் சேர்த்தலே தக்கது.

3. இலக்கணம் ஏற்கும் வேறுபாடு

‘ஔவையார்’, ‘அவ்வையார்’ என்பன போலியால் அமைந்த வேறுபாடு. முன்னது நான்கு எழுத்து, பின்னது ஐந்து. கட்ட எண்ணிக்கையே இங்கு விடையைத் தெளிவாக்கும். ‘அறம்’, ‘அறன்’ ஆகியவற்றில் அவ்வுதவி இல்லை. இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள். ‘மின் நிலையம்’, ‘மின்னிலையம்’ இரண்டும் ஆறெழுத்து. மூன்றாம் எழுத்து மட்டும் நி, னி என வேறுபடும். குறுக்கெழுத்துப் புதிரில் அக்கட்டத்தை வெட்டிச் செல்லும் மற்றொரு சொல்லே ஐயம் தீர்க்கும். அத்தகைய சொல் இல்லாவிடின் இரு வடிவங்களையும் ஏற்றல் வேண்டும். அல்லது குறிப்பிலேயே ‘புணர்ந்த வடிவம்’ எனச் சுட்டுதல் வேண்டும்.

முடிவுரை

முதலிரண்டு சிக்கல்களில் பெரும்பகுதியை நிரல் தீர்க்கும். மூன்றாவது, தமிழாசிரியர் முடிவு செய்ய வேண்டியது. விடையின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்குதல், இயல்பாக்குதல், எழுத்தாகப் பகுத்தல், ஏற்புடைய வடிவங்களின் பட்டியலோடு ஒப்பிடுதல் என்பதே பொருத்தமான வரிசை. புதிரை வெளியிடுமுன் ஒவ்வொரு விடையையும் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரு விசைப்பலகை முறைகளிலும் உள்ளிட்டுச் சோதித்தல் நன்று. போலியையும் புணர்ச்சியையும் அறியாத திறவுகோல் மாணவரின் அறிவை அளப்பதில்லை. திறவுகோலை அமைத்தவரின் தட்டச்சு வழக்கத்தோடு அவர் விடை ஒத்துப்போகிறதா என்பதையே அளக்கிறது.