கல்லீரல் தளர்ந்தால் மூளையும் தடுமாறும்

கல்லீரல் நோய் என்றதும் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும்தான் நினைவுக்கு வரும். நாட்பட்ட கல்லீரல் நோய் மூளையையும் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

நாம் உண்ணும் புரதத்தைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உருவாகிறது. நலமான கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். அது சிறுநீரில் வெளியேறும். கல்லீரல் தழும்பேறி இறுகினால், அம்மோனியா இரத்தத்தில் தேங்கி மூளையை அடையும். அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் உயிரணுக்கள் வீங்கும், சிந்தனை மந்தமாகும்.

தொடக்க அறிகுறிகள் சிறியவை: பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கவனக்குறைவு, எரிச்சல், கையெழுத்தில் மாற்றம். நோய் முற்றினால், நீட்டிய கைகள் படபடக்கும், நாளும் இடமும் குழம்பும், சுயநினைவும் தப்பலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடிகிறது என்று கேட்டே மருத்துவர்கள் தொடக்கநிலைப் பாதிப்பைக் கண்டறிய முயல்வதுண்டு.

மலச்சிக்கல், கிருமித்தொற்று, தூக்க மாத்திரை ஆகியவை இந்நிலையைத் தூண்டலாம். லாக்டுலோஸ் மருந்து குடலில் சேரும் அம்மோனியாவைக் குறைக்கும்; உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். புரத உணவை நாமாக நிறுத்திவிடக் கூடாது. அதனால் தசைகள் மெலிந்து நிலைமை மோசமாகும்.

தம்மிடம் ஏற்படும் மாற்றம் நோயாளிக்கே தெரியாமல் போகலாம். கல்லீரல் நோயுள்ள தாத்தாவோ அப்பாவோ திடீரெனத் தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.