மாமன் சீர்... சொந்தத் தையல்!

உங்க அக்காவுக்குப் பாப்பா பிறக்கப் போகுதா? வாழ்த்துக்கள் பாஸ், நீங்க தாய்மாமன்! மொட்டை போட மடி, காது குத்தத் தோடு, சீர்வரிசைனு லிஸ்ட் நீளும். பர்ஸைத் திறந்தா மெஸ் பில்லும் ஜெராக்ஸ் கடை பாக்கியும்தான் எட்டிப் பார்க்கும். என் கதையும் அதேதான். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். கடையில ஒரு குட்டிப் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டி மாதிரி மெத்துனு இருந்துச்சு. ஆனா, பாலியஸ்டர். நம்ம ஊர் மே மாசத்துல அதைப் போர்த்தினா புள்ள வெந்துடும்!

"பச்சப் புள்ளைக்குப் பழஞ்சேலைதான்டா சுகம்" என்றார் அம்மா. நிஜம்தான். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நூல் இளகிய பருத்தி அது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் காந்தா. வட கர்நாடகாவில் பழந்துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தால் கவுதி. சரி, நாமளும் ஒண்ணு தைச்சா என்ன?

அங்கேதான் சிக்கல். வீட்டில் மிச்சமெல்லாம் பட்டும் சிந்தெடிக்கும். பழைய பருத்திச் சேலை ஒண்ணே ஒண்ணு. பாட்டியோட மதுரை சுங்குடி. பாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. அம்மா அதைத் துவைக்கக்கூட இல்லை, அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். கேட்டதுமே, "அதுல மட்டும் கத்திரிய வெச்சுடாதடா!" நான் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. நாலாம் நாள் காலையில் சேலை என் டேபிள் மேல இருந்துச்சு. "நஞ்சுபோன இடத்த விட்டுட்டு வெட்டு" என்றார், முகத்தைப் பார்க்காமலே.

இனி உங்க டர்ன். சேலையையும் அப்பாவின் பழைய வேட்டியையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்க. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சேலையை அழுத்தித் தேயுங்க. சாயம் ஒட்டினால் அது வேண்டாம், பாப்பா கண்டிப்பா வாயில் வைக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தெரியும். மற்றதில் 37 அங்குலச் சதுரம் ரெண்டு வெட்டுங்க. 5.5 மீட்டர் சேலையில் ரெண்டு மீட்டருக்குள் வேலை முடிஞ்சிடும். வேட்டியிலும் அதே அளவில் ரெண்டு. முதல் வருஷ ட்ராயிங் க்ளாஸோட பரண் ஏறின ட்ராஃப்டரை இறக்குங்க, மூலை கரெக்டா 90 டிகிரி வரும். அரியர் வெச்சதுக்கு ஒரு பலன்!

வேட்டித் துண்டு ரெண்டையும் கீழே விரிங்க. அதன் மேல் ஒரு சேலைத் துண்டு, நல்ல பக்கம் மேலே. இன்னொண்ணு, நல்ல பக்கம் கீழே. சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தையல். ஒரு பக்கத்தில் மட்டும் கை நுழைய ஆறு அங்குலம் திறந்திருக்கட்டும். மூலைகளைத் தையல் அறாமல் சாய்வாக நறுக்கிவிட்டு, அந்த வழியா உள்ளதை வெளியே புரட்டுங்க. வாயைக் கைத்தையலில் மூடி, மூணு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல். அது இல்லைனா ஒரே துவையலில் உள்ளே இருக்கிற வேட்டி சுருண்டு மூலையில் போய் உட்கார்ந்துக்கும்.

கால் மெஷின்ல ஒரு எச்சரிக்கை. சக்கரம் பின்பக்கம் சுத்தினா நூல் சிக்கி அறுந்துடும். தெர்மோடைனமிக்ஸ்ல பாஸான எனக்கு இது புரிய ஒரு முழு சாயங்காலம் ஆச்சு. குத்தின குண்டூசிகளை எண்ணி வெச்சுக்கங்க, எடுக்கும்போது கணக்கு சரியா வரணும். மணி, லேஸ், பட்டன் எதுவும் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, இது சீரியஸ். ஒரு வயசுக்குள்ள தூங்குற குழந்தை பக்கத்துல தளர்வான போர்வை இருக்கக் கூடாதுனு டாக்டர்கள் சொல்றாங்க. முகத்தை மூடினா மூச்சு முட்டும். பாப்பா முழிச்சிருக்கும்போது, பெரியவங்க கண் முன்னாடி, தரையில் விரிச்சுக் குப்புறப் போட்டு விளையாட விடுங்க. மடியில் வெச்சுக்கும்போது கீழே போட்டுக்கலாம்.

பாப்பா பிறந்த பதினோராம் நாள் கொடுத்தேன். ஒரு வரிசைத் தையல் பாம்பு மாதிரி போயிருந்துச்சு. "பிரிச்சு மறுபடி தைக்கட்டுமாம்மா?" என்றேன். அம்மா விரலால் அந்த வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். உங்க பாட்டி தையலும் இப்படித்தான் ஓடும்" என்றார். பாப்பா அதற்குள் ஈரம் பண்ணியாச்சு.

மிச்சம் மூணரை மீட்டர் மறுபடி பீரோவுக்குள் போய்விட்டது. நான் கேட்கலை.